அன்லிமிடெட் எத்தனை ஜிபி?

299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்யும் ஜியோ வாடிக்கையாளருக்கு 28 நாளைக்கு, நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி அதிவேக டேட்டா கிடைக்கிறது. அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்குகிறது. இணைப்பு அறுவதில்லை, கூடுதல் கட்டணமும் ஏறுவதில்லை. அதனால் இது அன்லிமிடெட் பேக் என்றே விற்பனையாகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதற்கும் ஓர் உச்சம் உண்டு. 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு நாளின் 86,400 நொடியும் இடைவிடாமல் இறக்கிக்கொண்டே இருந்தாலும் 691 எம்பிக்கு மேல் வராது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே 1.5 ஜிபியையும் ஒரேயடியாகத் தீர்த்துவிட்டவருக்குக்கூட அன்றைய மொத்தம் ஏறத்தாழ 2.2 ஜிபிதான்.

குறைந்த விலை மொபைல் திட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஏதோ ஒரு வரம்பு இருக்கிறது, எல்லா நாட்டிலும் இருக்கிறது. அது வலைப்பின்னலைக் காப்பதற்கா, வருமானத்தைக் காப்பதற்கா? நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் இதை எப்படிப் பார்த்திருக்கின்றன? இந்தியாவில் எது மாற வேண்டும்? இவற்றை ஒருசேரப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எத்தனை ஜிபியில் வரம்பு விழுகிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். வரம்பைத் தாண்டியவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே ஒரு திட்டத்தை எடைபோட வேண்டும்.

வந்த வழி

மொபைல் இணையத்தில் முதலில் வந்தது அளவில்லாத திட்டம்தான். 2007இல் ஐபோன் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஏடி அண்ட் டி நிறுவனம் மாதம் 20 டாலருக்கு அன்லிமிடெட் டேட்டா கொடுத்தது. தமிழ்நாட்டில் 1999இல் தொடங்கிய ஏர்செல், 2ஜி காலத்தில் 98 ரூபாய்க்கு ஒரு மாத 'பாக்கெட் இன்டர்நெட்' விற்றது. அன்றைய கைபேசியால் அதிகம் செலவழிக்கவே முடியாது. கருவியின் இயலாமையே போதுமான வரம்பாக இருந்தது. தொடுதிரையும் வீடியோவும் வந்தபின் அந்த இயற்கை வரம்பு உடைந்தது. 2010 ஜூனில் ஏடி அண்ட் டி புதியவர்களுக்கு அன்லிமிடெட் விற்பதை நிறுத்தியது. பழைய வாடிக்கையாளர்களை அந்தத் திட்டத்திலேயே தொடரவிட்டு, 2011 முதல் அதிகம் பயன்படுத்துவோரின் வேகத்தை மட்டும் குறைக்கத் தொடங்கியது.

இந்தியாவில் திருப்பம் 2016 செப்டம்பர் 5 அன்று வந்தது. ஜியோ இலவச அழைப்பும் இலவச 4ஜி டேட்டாவுமாகச் சந்தையில் இறங்கியது. முதலில் நாளுக்கு 4 ஜிபி. 2017 ஜனவரி முதல் நாளுக்கு 1 ஜிபி. கட்டணம் வாங்கத் தொடங்கியபோதும் அந்த நாள் கணக்கு அப்படியே நின்றது. ஏர்டெல்லும் வோடபோனும் ஐடியாவும் அதையே பின்பற்றின. மாதத்துக்கு இத்தனை என்று எண்ணிய நாடு, நாளுக்கு இத்தனை என்று எண்ணப் பழகியது இப்படித்தான். விலையும் சரிந்தது. அரசின் கணக்குப்படி 2014இல் ஒரு ஜிபி சுமார் 269 ரூபாய். பத்தாண்டில் அது பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. அதே காலத்தில் ஒரு சந்தாதாரரின் மாத சராசரிப் பயன்பாடு 62 எம்பியிலிருந்து 20 ஜிபிக்கு மேல் ஏறியது.

நான்கு வகை வரம்பு

வரம்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வகை உண்டு. முதலாவது, அளவு தீர்ந்ததும் இணைப்பையே நிறுத்துவது அல்லது எம்பிக்கு இவ்வளவு என்று காசு பிடிப்பது. இரண்டாவது, இந்தியாவில் எல்லோரும் அறிந்த வேகக் குறைப்பு. ஜியோவில் 64 கேபிபிஎஸ், பிஎஸ்என்எல்லின் பல திட்டங்களில் 40 கேபிபிஎஸ்.

மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாது: வரிசையில் பின்னுக்குத் தள்ளுவது. டவரில் நெரிசல் இல்லாதபோது எல்லோருக்கும் ஒரே வேகம். நெரிசல் வந்தால் அதிகம் கட்டியவருக்கு முதலிடம், மலிவுத் திட்டக்காரர் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வெரைசனுக்குச் சொந்தமான மலிவு விலை நிறுவனமான விசிபிள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்கிவந்தது. ஜிபி கணக்கு இல்லை, முன்னுரிமையும் இல்லை. இந்தியாவில் இந்த முறை காலூன்றவில்லை. 2020 ஜூலையில் ஏர்டெல்லின் பிளாட்டினம் திட்டமும் வோடபோன் ஐடியாவின் ரெட்எக்ஸ் திட்டமும் கூடுதல் கட்டணத்துக்கு முன்னுரிமை வேகம் தருவதாகச் சொன்னபோது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு நிறுத்திவைக்கச் சொன்னது. சிலருக்கு முன்னுரிமை என்றால் மற்றவர்களின் சேவைத் தரம் குறையாதா என்பதே அதன் கேள்வி.

நான்காவது, எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்த வரம்பு. வீடியோவை 480பி தரத்துக்கு மேல் ஓடவிடாமல் தடுப்பது, ஹாட்ஸ்பாட் பகிர்வுக்குத் தனி அளவு வைப்பது போன்றவை. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கில் சாதாரணத் தரப் படம் மணிக்கு 1 ஜிபி வரையும், எச்டி தரம் 3 ஜிபி வரையும் இழுக்கும். தரத்தை ஒரு படி இறக்கினால் மூன்றில் இரண்டு பங்கு சுமை குறைகிறது. வாடிக்கையாளருக்கு மிகக் குறைவாக வலிக்கும் வரம்பு இதுதான். சின்னத் திரையில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கவனிப்பதே இல்லை.

நெரிசலா, வருமானமா?

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தில் உண்மை இருக்கிறது. ஒரு டவரின் ஒரு பகுதிக்குள் இருக்கும் எல்லோரும் ஒரே அலைக்கற்றையைத்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பத்துப் பேர் இடைவிடாமல் படம் இறக்கினால் பதினோராவது ஆளின் அழைப்பு திணறும். சிலர் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு கட்டடத்துக்கே இணையம் கொடுப்பதும் நடக்கிறது. அளவே இல்லாத வாக்குறுதியை எந்த வானலையும் காப்பாற்ற முடியாது.

ஆனால் நெரிசலுக்கு நேரமும் இடமும் உண்டு. மாலை வேளையில் நெருக்கமான குடியிருப்பில் வரும் நெரிசல், விடிகாலை மூன்று மணிக்கு ஊர்ப்புற டவரில் வராது. நாள் வரம்போ இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. காலியான டவரில் இறக்கிய ஒரு ஜிபியும், திணறும் டவரில் இறக்கிய ஒரு ஜிபியும் அதற்குச் சமம். வலைப்பின்னலைக் காப்பதுதான் நோக்கமென்றால், நெரிசல் நேரத்தில் மட்டும் கட்டுப்படுத்துவதே பொருத்தமான கருவி. அது இயலாத காரியமும் அல்ல. வோடபோன் ஐடியா தன் சில திட்டங்களில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை கணக்கில் சேராத டேட்டா தருகிறது. வாரநாளில் மிஞ்சியதை வார இறுதியில் பயன்படுத்தவும் விடுகிறது.

வருமானமே காரணமாக இருந்ததற்கு அமெரிக்காவில் ஆவணச் சான்றே உண்டு. ஸ்ட்ரெய்ட் டாக், நெட்10 முதலிய பெயர்களில் மலிவுத் திட்டங்கள் விற்ற டிராக்ஃபோன் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு டவர்கூட இல்லை. பெரிய நிறுவனங்களிடம் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறைக்கு விற்றது. மாதம் 45 டாலருக்கு அன்லிமிடெட் என்று விளம்பரம். ஆனால் 1 முதல் 3 ஜிபிக்குள் வேகம் குறைக்கப்பட்டது, 4 அல்லது 5 ஜிபியில் டேட்டா நிறுத்தப்பட்டது. வாடிக்கையாளர் அதிகம் பயன்படுத்தப் பயன்படுத்த நிறுவனம் கட்ட வேண்டிய மொத்த விலைப் பாக்கி ஏறியதுதான் காரணம், நெரிசல் அல்ல என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சுட்டியது. 2015 ஜனவரியில் 4 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பிற நாடுகளின் தீர்ப்புகள்

ஏடி அண்ட் டி வழக்கு இன்னும் பெரியது. குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்களின் வேகத்தை நிறுவனம் இரண்டரைக் கோடி முறைக்கு மேல் குறைத்தது, சிலருக்கு 2 ஜிபியிலேயே குறைத்தது என்று அதே ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்கு முடிந்தது. வேகத்தைக் குறைக்கவே கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. விற்கும்போது மறைத்ததுதான் குற்றம் என்றது. உடன்பாட்டின்படி, கட்டுப்பாடு இருந்தால் அதை விளம்பரத்திலேயே எடுப்பாகச் சொல்ல வேண்டும். பொடி எழுத்திலோ இணைப்புக்குள்ளோ ஒளிக்கக் கூடாது.

பிரிட்டன் 2012இலேயே ஓர் அளவுகோல் வகுத்தது. அளவைத் தாண்டியவரிடம் கூடுதல் காசு வாங்கினாலோ சேவையை நிறுத்தினாலோ அன்லிமிடெட் என்று விளம்பரம் செய்யக் கூடாது. வேறு கட்டுப்பாடு இருந்தால் அது மிதமானதாகவும் விளம்பரத்திலேயே விளக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இதில் 'மிதமான' என்ற நிபந்தனை முக்கியமானது. வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, கட்டுப்பாட்டின் கடுமையையும் பார்ப்போம் என்கிறது அது.

ஆஸ்திரேலியாவில் வந்த வழக்கு நமக்கு மிக நெருக்கமானது. ஆப்டஸ் நிறுவனம் 2010இல் விற்ற பிராட்பேண்ட் திட்டங்களில் நெரிசல் நேரத்துக்கு ஒரு பங்கு, மற்ற நேரத்துக்கு ஒரு பங்கு என்று டேட்டா பிரிக்கப்பட்டிருந்தது. முதல் பங்கு தீர்ந்தால், இரண்டாவது பங்கு தொடப்படாமல் இருந்தாலும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக விழும். விளம்பரத்தில் இது போதிய அளவு சொல்லப்படவில்லை என்று நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு வென்றது. 52.6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் மேல்முறையீட்டில் 36.1 லட்சமாகக் குறைந்தது. அங்கே விளம்பர வழக்குக்குக் காரணமாயிருந்த அதே 64 கேபிபிஎஸ்தான் இங்கே நம் மலிவுத் திட்டங்களின் வழக்கமான தரை.

தென்னாப்பிரிக்கா வேறு பக்கத்திலிருந்து வந்தது. 'டேட்டா மஸ்ட் ஃபால்' என்ற மக்கள் இயக்கத்தின் அழுத்தத்துக்குப் பின், 2019 மார்ச் முதல் மிஞ்சிய டேட்டாவை அடுத்த காலத்துக்குக் கொண்டுபோகவும் பிறருக்கு மாற்றவும் வழி தர வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு விதித்தது. அளவைக் கூட்டச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய அளவு வீணாகக் கூடாது என்றது.

இந்தியக் கணக்கின் நுணுக்கங்கள்

நாள் வரம்பு எவ்வளவு மதிப்புள்ளது என்பதை நிறுவனங்களின் விலைப்பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பின் ஜியோவில் நாள் 1.5 ஜிபி, 28 நாள் திட்டம் 299 ரூபாய். மொத்தம் 42 ஜிபி. நாள் வரம்பே இல்லாமல், 30 நாளில் விருப்பம்போல் செலவழிக்கும் 25 ஜிபி திட்டம் 355 ரூபாய். இரண்டு நாள் கூடுதல் என்பதைக் கழித்தாலும், 17 ஜிபி குறைவாகத் தரும் திட்டத்துக்கு விலை அதிகம். 42 ஜிபியை யாரும் முழுதாகச் செலவழிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 299 ரூபாய் கட்டுப்படியாகிறது. சராசரிப் பயன்பாடு மாதம் 20 ஜிபியைத் தாண்டியிருக்கும் நாட்டில் அந்த நம்பிக்கை சரியானதுதான். வேலை நாளில் அரை ஜிபி மிஞ்சுகிறது, நள்ளிரவில் அழிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ "நெட் தீர்ந்துபோச்சு" என்று பூஸ்டர் போட வேண்டியிருக்கிறது.

அந்த பூஸ்டர் விலையையும் பாருங்கள். மூலத் திட்டத்தில் ஒரு ஜிபி ஏழு ரூபாய் சொச்சம். கூடுதல் ஒரு ஜிபி பேக்கின் விலை அதே 2024 உயர்வில் 15இலிருந்து 19 ரூபாயானது. வீணாய்ப்போன டேட்டாவுக்கு ஏழு ரூபாய், அதை மறுபடி வாங்கப் பத்தொன்பது.

திட்டத்தின் காலமும் இதே கணக்கைச் சேர்ந்தது. 28 நாள் சுழற்சியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 30 நாள் திட்டம் ஒன்றும், மாதம்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது.

2024 உயர்வோடு புதிய வரம்பு ஒன்று நுழைந்தது. அதைக் கைபேசியே தீர்மானிக்கிறது. 5ஜியில் அலைக்கற்றை அகலம் அதிகம், பயன்படுத்துவோர் ஒப்பீட்டளவில் குறைவு. அதனால் நாள் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களில் 5ஜி டேட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் ஜியோ தருகிறது. ஆகவே 349 ரூபாய் கட்டிய இருவரில் 5ஜி போன் வைத்திருப்பவருக்கு நாள் வரம்பு தெரிவதே இல்லை. பழைய 4ஜி போன் வைத்திருப்பவருக்கு 2 ஜிபியில் கதவு மூடுகிறது. 5ஜி டவர் எட்டாத ஊரில் இருப்பவருக்கும் அதே கதிதான். இருவரும் ஒரே தொகை கட்டினாலும் வசதி குறைந்தவருக்கே வரம்பு. வலைப்பின்னல் பொறியியலாக இது நியாயமே; விலைக் கொள்கையாகப் பார்த்தால் தலைகீழ்.

வரம்பு வேண்டாம், டேட்டாவே வேண்டாம் என்போரும் உண்டு. அழைப்புக்கு மட்டும் போன் வைத்திருக்கும் முதியவரும், சிம்மை உயிரோடு வைத்திருக்க மட்டும் ரீசார்ஜ் செய்பவரும் தேவையில்லாத ஜிபிக்குக் காசு கொடுத்துவந்தார்கள். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த விதித்திருத்தம், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான சிறப்புத் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் அப்படியே செய்தன, ஆனால் 84 நாள், 365 நாள் என்ற நீண்ட காலத்துக்கு. மாதாமாதம் கொஞ்சமாகக் கட்டும் ஏழை வீட்டுக்கு அது உதவுவது குறைவு.

64 கேபிபிஎஸ்ஸில் என்ன செய்ய முடியும்?

நொடிக்கு 8 கிலோபைட் வேகத்தில் ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடம் ஆகும். பிஎஸ்என்எல்லின் 40 கேபிபிஎஸ்ஸில் மூன்று நிமிடம் இருபது நொடி. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும். படங்களும் நிரல்களுமாகப் பல எம்பி எடை கொண்ட இன்றைய இணையப் பக்கம் திறக்குமுன் பொறுமை தீர்ந்துவிடும். பணப் பரிமாற்றச் செயலிகள் அனுப்பும் தகவல் சிறிதுதான் என்றாலும், செயலியே திறக்கத் தாமதமானால் கடைக்காரர் முன்னால் நிற்பவருக்குப் பதில் வராது. இணைப்பு இருக்கிறது, இணையம் இல்லை என்ற நிலை.

அரசின் சொந்த வரையறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கீழே என்பது தெரியும். 2023 முதல் இந்தியாவில் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ். 64 கேபிபிஎஸ் அதில் முப்பதில் ஒரு பங்கு. நிலைவழி பிராட்பேண்டில் வரம்பு தாண்டியபின் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016இல் சொன்னது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு மொபைலே ஒரே இணையமாக இருக்கும் நாட்டில், மொபைலுக்கு அப்படியொரு தரை வகுக்கப்படவில்லை.

தரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு பாடம். 2018இல் அம்மாநில வரலாற்றின் மிகப் பெரிய காட்டுத்தீக்களில் ஒன்றான மெண்டசினோ தீயை அணைக்கப் போன சாந்தா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் தகவல் தொடர்பு வாகனம், வெரைசனின் அன்லிமிடெட் திட்டத்தில் 25 ஜிபியைத் தாண்டியது. வேகம் இருநூறில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் விழுந்தது. கூடுதல் விலைத் திட்டத்துக்கு மாறச் சொன்னது நிறுவனம். வாடிக்கையாளர் சேவையில் நேர்ந்த பிழை என்று பிறகு ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் அப்படியொரு தரையின் தேவை பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறையில் தெரிந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை இணைய வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாள் 2 ஜிபி தரும் டேட்டா கார்டுகளை இலவசமாக அறிவித்தது. சந்தையில் விற்ற மலிவுத் திட்டங்களின் நாள் அளவு மாணவருக்குப் போதாது, மேலே 2 ஜிபி வேண்டும் என்று ஓர் அரசே மதிப்பிட்ட அரிய தருணம் அது.

எதிர்வாதம்

நிறுவனங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. வரம்பை எடுத்தால் மலிவுத் திட்டமே இருக்காது. அலைக்கற்றை ஏலத்துக்கும் டவருக்கும் போட்ட முதலீடு திரும்ப வேண்டும். 2024 டிசம்பர் காலாண்டில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைத்த சராசரி மாத வருமானம் ஏர்டெல்லுக்கு 245 ரூபாய், ஜியோவுக்கு 203 ரூபாய். உலக அளவில் இது மிகக் குறைவு. குறைவாகப் பயன்படுத்துபவர் குறைவாகக் கட்ட வரம்புதான் வழி செய்கிறது. எல்லோருக்கும் ஒரே அன்லிமிடெட் என்றால் அதிகம் பயன்படுத்துபவரின் செலவை ஏழையே சுமப்பார்.

இதை ஏற்கலாம், ஆனால் முழுதாக அல்ல. குறைவாகக் கட்டுபவருக்கான படிகளே மேலே நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2019, 2021, 2024 என மூன்று முறை கட்டணம் ஏறியது. 2025 ஆகஸ்டில் ஜியோவும் ஏர்டெல்லும் 249 ரூபாய், நாள் 1 ஜிபி திட்டத்தைத் தம் இணையதளங்களிலிருந்து எடுத்தன. அடிப்படியைத் தூக்கிக்கொண்டே போனால், ஏழைக்காக வரம்பு என்ற வாதம் நிற்காது.

என்ன செய்யலாம்?

முதலாவது, தரை வேகம். வரம்பு தாண்டிய மொபைல் இணைப்பு 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் விதிக்கலாம். நிலைவழிக்கு ஏற்கெனவே சொன்ன எண்தான் அது. அந்த வேகத்தில் படம் எச்டியில் ஓடாது, ஆனால் பணம் போகும், வரைபடம் திறக்கும், பாடத்தின் ஒலி கேட்கும். பொழுதுபோக்குக்குப் பூஸ்டர் வாங்கும் தேவை அப்படியே இருக்கும் என்பதால் நிறுவனத்தின் வருமானமும் பெரிதாகச் சரியாது. நெரிசலான டவரில் மட்டும் அதற்கும் கீழே இறக்க அனுமதி தரலாம்.

இரண்டாவது, மிச்சம் மறுநாளுக்கு. நாள் கணக்கு இருக்கட்டும். மிஞ்சியது திட்டக் காலம் முடியும்வரை சேர்ந்துகொண்டே வரட்டும். ஒரு நிறுவனம் வார இறுதிக்கு இதைச் செய்துகாட்டியிருப்பதால் தொழில்நுட்பத் தடை என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, விலைக்குப் பக்கத்திலேயே வேகம். திட்டத்தின் எல்லா நிபந்தனைகளையும் வெளியிட வேண்டும் என்று டிராய் 2020 செப்டம்பரில் உத்தரவிட்டது, நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஆனால் ரீசார்ஜ் செயலியின் முதல் திரையில் 299, 1.5 ஜிபி, 28 நாள் என்ற மூன்று எண்களே தெரிகின்றன. நான்காவதாக 64 என்பதும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். அப்போதுதான் நிறுவனங்கள் அந்த எண்ணிலும் போட்டி போடும். இன்று ஜிபியில் போட்டி இருக்கிறது, விலையில் ஓரளவு இருக்கிறது. வரம்புக்குப் பிந்தைய வேகத்தில் யாரும் யாரையும் முந்த முயல்வதில்லை, ஏனென்றால் வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை.

மலிவுத் திட்டத்தில் வரம்பு இருப்பது ஏமாற்று வேலை அல்ல. வானலை பொதுவானது, பங்கீடு தேவை. ஆனால் பங்கு தீர்ந்தவரைப் பொழுதுபோக்கிலிருந்து மட்டும் விலக்கிவைக்கும் வரம்பு வேறு. வங்கி, வகுப்பு, மருத்துவமனைப் பதிவு எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து விலக்கிவைக்கும் வரம்பு வேறு. முதலாவதை விலை என்று ஏற்கலாம். இரண்டாவதை விலை உயர்த்தி அல்ல, விதி வகுத்தே தீர்க்க முடியும். அந்த விதியை வகுக்கும் அதிகாரம் டிராயிடம் இருக்கிறது.